மர ரன்னர் மழையில் இறுகுகிறது, வெயிலில் ஆடுகிறது: ஸ்லெட் செய்தவர்கள் சொல்லுங்கள்

#1 கொண்டலாம்பட்டி பட்டறை

வணக்கம். கொண்டலாம்பட்டியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். போட்டோ சட்டம், பூஜை அலமாரி, ஸ்டூல் என்று பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள்தான். 10 இன்ச் டேபிள் சா (டேபிளின் நடுவில் வட்ட பிளேடு சுழலும் அறுப்பு மிஷின்), தூண் டிரில் மிஷின், மரத்தில் பள்ளம் வெட்டும் ஒரு ரூட்டர், இவைதான் மிஷின்கள்.

டேபிள் சாவோடு வந்த ஆங்கிள் கேஜ் சொன்ன இடத்தில் நிற்காததால் போன ஐப்பசியில் நானே ஒரு ஸ்லெட் செய்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டேபிளின் மேல் முன்னும் பின்னும் ஓடும் பலகை அது. அறுக்கவேண்டிய கட்டையை அதிலுள்ள குறுக்குச் சட்டத்தில் சாய்த்துப் பிடித்து, பலகையோடு சேர்த்து பிளேடை நோக்கித் தள்ளவேண்டும். கட்டை தனியாக நகராது என்பதால் வெட்டு நேராக விழும். அடிப்பலகை 12 எம்எம் மரைன் பிளை. குறுக்குச் சட்டங்கள் பழைய வீட்டு உத்தரத்தில் கிடைத்த வேங்கை. அடிப்பலகையின் கீழே இருந்து, டேபிளில் உள்ள காடியில் (நீளப் பள்ளத்தில்) ஓடும் கீற்றுதான் ரன்னர். அது தேக்கு, 19 எம்எம் அகலம், 9 எம்எம் உயரம். அடைமழை பெய்த ஒரு நாளில் பொருத்தினேன். துளி ஆட்டமில்லை.

பங்குனியில் ஆட ஆரம்பித்தது. ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தால் ரன்னருக்கும் காடிக்கும் நடுவில் 0.3 எம்எம் இடைவெளி. 45 டிகிரியில் அறுத்து நான்கு மூலையையும் கூட்டினால் கடைசி மூலை வாய் பிளக்கிறது.

மாசியில் இதே அளவில் இன்னொன்று செய்து ஏற்காட்டு நண்பர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். அது ஆடி மாதம் காடிக்குள் இறுகி நின்றுவிட்டது. ஒரே கை, ஒரே தேக்கு, இரண்டு விதமான வியாதி.

அலுமினிய ரன்னர் வாங்கிப் போடச் சொல்கிறார்கள். மரத்திலேயே இதற்கு வழி இருந்தால் அதைத்தான் செய்ய ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 சூரமங்கலம் லேத்

அண்ணா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 20க்கு 10 எம்எம் பிரைட் இரும்புப் பட்டை ஒன்று வாங்குங்கள். இரும்புக் கடையில் வெட்டியே தருவார்கள். அரம் போட்டு 19க்குக் கொண்டுவந்து, காடி ஆழத்துக்குள் அடங்கும்படி உயரத்தையும் குறைத்து, மூன்று இடத்தில் ஓட்டை போட்டு பிளையில் முறுக்கிவிட்டால் முடிந்தது. இரும்புக்கு ஐப்பசியும் ஒன்றுதான், பங்குனியும் ஒன்றுதான். மரத்தை மரம் செய்யவேண்டிய இடத்தில் வைப்போம்.

#3 மலைமேல் மரவேலை

முதல் பதிவில் சொன்ன ஏற்காட்டு நண்பர் நான்தான். எஸ்டேட் வீடுகளுக்குக் கதவு, மேசை பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன்.

ஸ்லெட் வந்து நான்கு மாதம் அருமையாக ஓடியது. ஆடியில் மூடுபனி விடாமல் நின்ற ஒரு வாரத்தில் மெதுவாக இறுகியது. நான் அவசரப்பட்டு இழைப்புளியால் இரண்டு பக்கமும் சீவிவிட்டேன். இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் கோடையில் தளர்ந்துவிடும் என்று எனக்கே தெரிகிறது. சீவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்?

சூரமங்கலத்துக்காரர் சொல்லும் இரும்புப் பட்டை மலையில் சரிப்படாது. இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் என் டேபிளே பழுப்பாகிவிடுகிறது. காடிக்குள் இரும்போடு இரும்பு உரசினால் துரு பொடிப்பொடியாக உதிர்ந்து அதுவே உப்புத்தாள் வேலை செய்யும். அலுமினியம் என்றால் பரவாயில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

#4 மூலைமட்டம்

நான் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பச்சைத் தேக்கு முழுவதும் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம்தான். நீளவாக்கில் நம் வேலைக்குக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இந்தச் சுருக்கமெல்லாம் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது நடப்பது. அப்படியானால் ஈரம் 1 சதவீதம் மாறினால் வளைய வாக்கில் 0.19 சதவீதம், மற்ற வாக்கில் 0.08 சதவீதம்.

காற்றில் ஈரப்பதம் 40 சதவீதமாகப் பல நாள் இருந்தால் மரத்துக்குள் ஈரம் 7, 8 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்று 80 சதவீதமானால் மரம் 15, 16க்கு ஏறிவிடும். வித்தியாசம் 8 என்று வையுங்கள். 19 எம்எம் அகலம் வளைய வாக்கில் அமைந்திருந்தால் 0.29 எம்எம் மாறும். தம்பி ஃபீலர் கேஜில் அளந்தது 0.3! அதே ரன்னரை மற்ற வாக்கில் அறுத்திருந்தால் மாற்றம் 0.13தான். பாதிக்கும் கீழே.

ஆகவே முதல் வேலை, ரன்னரின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். வளையக் கோடுகள் படுத்துக் கிடந்தால் அது தப்பான துண்டு. கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும். மரக்கடையில் கேட்டு வாங்கத் தேவையில்லை. படுத்த ரேகையுள்ள 25 எம்எம் பலகையிலிருந்து ஒரு கீற்று அறுத்து, அதை 90 டிகிரி புரட்டிப் போட்டால் கோடு நின்றுவிடும்.

இரண்டாவது, இரண்டு காடியிலும் இரண்டு ரன்னரையும் இறுக்கமாகப் பொருத்தாதீர்கள். ஒன்றுதான் வழிகாட்டி. இன்னொன்று பலகை தொங்காமல் இருக்க மட்டும், அரை எம்எம் தளர்வோடு. இரண்டையும் இறுக்கினால் இரண்டின் வீக்கமும் சேர்ந்து மறிக்கும்.

#5 சூரமங்கலம் லேத்

ஐயா, கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனாலும் 0.13 மிச்சம் இருக்கிறதே? உலோகத்தில் அது இல்லை. 45 டிகிரி மூலைக்கு அதுவும் கண்ணில் தெரியும்.

#6 பிளைவுட் பிரியன்

9 எம்எம் பிளையையே 19க்குக் கீற்றாக அறுத்து ரன்னராகப் போட்டுப் பாருங்கள். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று நகரவிடாது. ஓரம் மட்டும் கொஞ்சம் சிலாம்பு எழும்பும். பெவிக்காலில் தண்ணீர் கலந்து ஓரத்தில் தடவிக் காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, மெழுகு பூசினேன். என்னுடையது இரண்டாவது வருடம் ஓடுகிறது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மட்டும் வேண்டாம், ஓரத்தில் ஈரம் குடித்தால் ஊதிக்கொள்ளும்.

#7 தறி ஆசாரி மகன்

அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அப்பா கைத்தறிக்கு மரச்சாமான் செய்தவர். தறிச் சட்டங்களை அவர் ஆணி அடித்து முடிக்கமாட்டார். துளையில் செருகி ஆப்பு வைப்பார். வெயில் காலத்தில் தறி தளர்ந்தால் நெய்பவரே ஆப்பை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார். ஆசாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. மரம் நகராமல் இருக்கவேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. நகர்ந்தபின் சரிசெய்ய ஓர் இடம் விட்டுவைப்பார்.

அதே எண்ணத்தில் என் ஸ்லெட் ரன்னரை இரண்டு பாதியாகச் செய்திருக்கிறேன். 400 எம்எம் நீளமுள்ள தேக்குக் கீற்றை நீளவாக்கில் சாய்வாக அறுத்தேன். சாய்வு 50க்கு 1. அதாவது ஒரு முனையில் ஒரு பாதி 13.5 எம்எம், மறுபாதி 5.5. எதிர்முனையில் அப்படியே மாற்றி. இரண்டையும் சாய்ந்த முகங்கள் ஒட்டும்படி சேர்த்துவைத்தால் மொத்தம் 19. ஒரு பாதியை 10 எம்எம் நீளவாக்கில் தள்ளினால் அகலம் 0.2 எம்எம் கூடும், இழுத்தால் குறையும். (அறுக்கும்போது பிளேடு தின்னும் கனத்தை மறக்காதீர்கள். ஒரே கீற்றிலிருந்து இரண்டு பாதியும் வேண்டுமென்றால் 23 எம்எம் அகலத்தில் தொடங்குங்கள். அறுத்த முகங்களை இழைத்துச் சரிசெய்யவும் இடம் இருக்கும்.)

ஒரு பாதியைப் பிளையில் நிரந்தரமாக முறுக்கிவிட்டேன். மறுபாதிக்கு பிளையிலுள்ள ஓட்டைகளை நீளவாக்கில் 20 எம்எம் நீட்டி, மேலிருந்து வாசர் போட்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ அகலமான பக்கத்தில் மட்டும், மெல்லிய முனையில் போட்டால் பிளந்துவிடும். அந்த முனை காடிச் சுவருக்கும் மற்றப் பாதிக்கும் நடுவில் தானாக அடங்கிக்கொள்ளும். மழை தொடங்கினால் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் இழுப்பேன், சித்திரையில் கொஞ்சம் தள்ளுவேன். இரண்டு நிமிட வேலை.

லேத் அண்ணா கேட்ட அந்த 0.13க்கு இதுதான் என் பதில்.

#8 மூலைமட்டம்

அருமை. நெட்டுக்குத்து ரேகையும் இந்த ஆப்பும் சேர்ந்தால் வேறெதுவும் தேவையில்லை.

#9 ஆத்தூர் ரோடு

என் பிரச்சினையே வேறு. எங்கள் மிஷின் உள்ளூரில் வெல்டிங் செய்து தகடு போட்டது. டேபிளில் காடியே கிடையாது. இதைப் படித்து ஏக்கப்படுவதைத் தவிர எனக்கு வழி உண்டா?

#10 மூலைமட்டம்

உண்டு தம்பி. காடி இல்லாவிட்டால் டேபிளின் வெளி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிளை அடிப்பலகையை டேபிள் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக எடுத்து, இரண்டு ஓரமும் உள்ளே அடங்கும்படி அடியில் இரண்டு சட்டம் முறுக்குங்கள். டேபிள் மேல் தொப்பி போட்டமாதிரி உட்காரும். சட்டங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை பிளைதான் தீர்மானிக்கிறது, அது பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறாது. சொல்லப்போனால் காடியில் ஓடுவதைவிட இது நிலையானது.

ஆனால் ஒன்று. வெல்டிங் டேபிளின் ஓரம் பிளேடுக்கு இணையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். மிஷினின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிளேடில் ஒரு பல்லுக்குப் பேனாவில் அடையாளம் வையுங்கள். டேபிள் ஓரத்திலிருந்து அந்தப் பல்லுக்கு உள்ள தூரத்தை முன்பக்கம் அளங்கள். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் ஓரத்தில் ஓர் எல் ஆங்கிளை போல்ட் போட்டு, நீட்டிய ஓட்டையில் நகர்த்தி இணையாக்குங்கள். எதிர் ஓரத்துக்கும் அதே வைத்தியம். அதற்குப் பிறகுதான் ஸ்லெட்.

#11 கன்னங்குறிச்சி பொம்மைக்கடை

நான் மரப்பொம்மை செய்கிறேன், அதனால் கையளவுக் கட்டைகள்தான் என் வேலை முழுவதும். ரன்னரைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். விரலைப் பற்றி நான் சொல்லவேண்டும்.

மூன்று வருடம் முன்பு ஒரே அளவில் நாற்பது துண்டு வேண்டியிருந்தது. கட்டையின் முனையை நீளவாக்கு ஃபென்ஸில் (நீளமாக அறுக்க பிளேடுக்கு இணையாக டேபிளில் பூட்டும் தடுப்புச் சட்டம்) முட்டவைத்து, ஆங்கிள் கேஜால் குறுக்கே தள்ளினேன். அறுபட்ட துண்டு ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டிக் கோணியது. அடுத்த நொடியில் அது என் இடது தோளுக்குக் கீழே வந்து அடித்தது. மூன்று வாரம் கையைத் தூக்க முடியவில்லை. முகமாக இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஸ்லெட் செய்தால் அளவுக்கட்டையை ஸ்லெட்டின் சட்டத்திலேயே கிளாம்ப் செய்யுங்கள். நீளவாக்கு ஃபென்ஸைத் தள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம், சட்டத்தைத் தாண்டி பிளேடு வெளியே வரும் இடம், அதாவது நீங்கள் நிற்கும் பக்கம், அங்கே 75 எம்எம் கனத்துக்கு ஒரு கட்டையை ஒட்டுங்கள். தள்ளி முடிக்கும் வேகத்தில் கட்டைவிரல் அங்கேதான் இருக்கும். அந்தக் கட்டைக்குச் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள். ஸ்லெட் அந்தக் கட்டைக்குள்ளேயே பிளேடு நிற்கும்படி ஓர் இடத்தில் தடுத்து நிற்கவேண்டும். டேபிளின் முனையில் ஒரு போல்ட், ஸ்லெட்டின் அடியில் ஒரு சின்னக் கட்டை, இரண்டும் முட்டினால் போதும்.

நீளவாக்கில் அறுப்பவர்கள் சீப்புப் பலகை செய்துகொள்ளுங்கள். நேரான ரேகையுள்ள 18 எம்எம் பலகையின் முனையை 30 டிகிரி சாய்வாக வெட்டி, அந்த முனையிலிருந்து உள்ளே 60 எம்எம் ஆழத்துக்கு, 6 எம்எம்முக்கு ஒன்றாகக் கீறல் போட்டால் வளைந்து கொடுக்கும் விரல்கள் கிடைக்கும். கட்டையை ஃபென்ஸோடு அழுத்திப் பிடிக்கும், பின்னால் எகிறவிடாது. ரேகை விரலின் நீளத்தில்தான் ஓடவேண்டும், குறுக்கே ஓடினால் ஒடிந்துவிடும். இதைப் பிளேடுக்கு முன்னால்தான் பொருத்தவேண்டும். பிளேடுக்கு நேராகவோ தாண்டியோ வைத்தால் அறுத்த வாயை அழுத்தி மூடி, பிளேடைக் கவ்வவைக்கும். எகிறுவதைத் தடுக்க வைத்ததே எகிறவைத்துவிடும்.

#12 கொண்டலாம்பட்டி பட்டறை

அக்கா, மிக்க நன்றி. என் ஸ்லெட்டில் பின்கட்டை இல்லை. இன்றே ஒட்டுகிறேன்.

#13 ஆத்தூர் ரோடு

ஐயா சொன்னபடி அளந்தேன். பின்பக்கம் 2 எம்எம் விலகியிருக்கிறது! இத்தனை நாள் வெட்டு கருகியதற்கு பிளேடைத் திட்டிக்கொண்டிருந்தேன். எல் ஆங்கிள் வாங்கப் போகிறேன்.

#14 மலைமேல் மரவேலை

ரன்னர் வழுக்க என்ன பூசுகிறீர்கள்? தேங்காய் எண்ணெய் போட்டேன், தூள் ஒட்டிப் பிசினாகிவிட்டது.

#15 பிளைவுட் பிரியன்

வெள்ளை மெழுகுவர்த்தி போதும். தேய்த்துவிட்டுத் துணியால் ஒரு துடை. டேபிளுக்கும் அதையே பூசினால் துரு சீக்கிரம் ஏறாது. சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கட்டையில் ஒட்டிக்கொண்டால் பாலிஷ் திட்டுத்திட்டாக விலகும்.

#16 கொண்டலாம்பட்டி பட்டறை

பத்து நாள் கழித்து வருகிறேன், செய்து பார்க்காமல் எழுதவேண்டாம் என்றிருந்தேன்.

பழைய ரன்னரின் தலையைப் பார்த்தேன். மூலைமட்டம் ஐயா சொன்னது அப்படியே: கோடுகள் படுத்துக் கிடந்தன. புதிதாக நெட்டுக்குத்து ரேகையில் கீற்று எடுத்து, தறி ஆசாரி மகன் சொன்ன சாய்வில் இரண்டு பாதியாக்கினேன். சாய்வு வெட்டுக்கு ஒரு பிளைத் துண்டில் 400க்கு 8 எம்எம் கோடு கிழித்து, கீற்றை அதன்மேல் ஒட்டி, பிளையின் நேரான ஓரத்தை ஃபென்ஸில் வைத்துத் தள்ளினேன். முகம் கொஞ்சம் சொரசொரப்பு, இழைப்புளியில் நான்கு இழுப்பு.

குறுக்குச் சட்டத்தைச் செங்கோணத்துக்குக் கொண்டுவர ஐந்து வெட்டு முறையைச் செய்தேன். தெரியாதவர்களுக்கு: 300 எம்எம் சதுர பிளைத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு பக்கம் வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தைச் சட்டத்தில் சாய்த்து அடுத்த பக்கம். இப்படி ஒரே திசையில் சுற்றிச் சுற்றி நான்கு வெட்டு. ஐந்தாவதாக, முதலில் வெட்டிய பக்கத்திலேயே ஒரு கீற்று எடுங்கள். சட்டத்தின் தப்பு ஒவ்வொரு வெட்டிலும் கூடி, கடைசிக் கீற்றில் நான்கு மடங்காக நிற்கும். அதனால் மூலைமட்டக் கருவியில் தெரியாத தப்புகூட வெர்னியர் அளவுகோலில் தெரியும்.

என் கீற்றின் ஒரு முனை 20.4, மறு முனை 20.0. வித்தியாசம் 0.4, நான்கால் வகுத்தால் 300 எம்எம்முக்கு 0.1. என் சட்டம் ஒரு முனை ஸ்க்ரூவைச் சுற்றித் திரும்பும். அதற்கும் நகர்த்தும் முனையிலுள்ள ஸ்க்ரூவுக்கும் நடுவில் 600 எம்எம். ஆக நகர்த்தவேண்டியது 0.2. சட்டத்தின் பின்னால் ஒரு கட்டையை ஒட்டினாற்போல் கிளாம்ப் செய்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி, நடுவில் ஃபீலர் கேஜின் 0.2 தகட்டை நுழைத்து, சட்டத்தை அதில் அழுத்தி மறுபடி முறுக்கினேன். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழம்பினால் ஒரு பக்கம் நகர்த்திவிட்டு மீண்டும் ஐந்து வெட்டு போடுங்கள். வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம். எனக்கு இரண்டாவது தடவை 0.05 வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நேற்று ஒரு தேக்குச் சட்டம் 45 டிகிரியில் செய்தேன். நான்கு மூலையிலும் தபால் கார்டு நுழையவில்லை.

#17 சூரமங்கலம் லேத்

அண்ணா, மனதாரச் சொல்கிறேன், நல்ல வேலை. நான் இன்னும் உலோகக் கட்சிதான், ஆனால் பழுதானால் பட்டறையிலேயே கிடைக்கும் துண்டில் மாற்றிக்கொள்ளலாம் என்பது மரத்துக்குத்தான் உண்டு. டிரில் மிஷினுக்கு மர டேபிள் செய்தீர்களா? அதில் ஃபென்ஸைப் பூட்ட அலுமினியத் தண்டவாளம் வாங்க நினைத்தேன், விலை அதிகம்.

#18 கொண்டலாம்பட்டி பட்டறை

அதற்கும் பிளையே போதும். கீழே 12 எம்எம் பிளைத் துண்டுகளை 14 எம்எம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். அதன்மேல் 9 எம்எம் பிளையை 9 எம்எம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். 8 எம்எம் போல்டின் தலைக்கு 13 நம்பர் ஸ்பேனர் அல்லவா? தலை கீழ் இடைவெளியில் சுற்றாமல் ஓடும், தண்டு மேலே நீட்டும், மேலிருந்து சிறகு நட்டு. ரூட்டர்கூடத் தேவையில்லை. நடுவில் 80 எம்எம் சதுரமாக ஒரு துண்டைக் கழற்றி மாட்டும்படி வைத்தால், ஓட்டை போட்டுப் போட்டு நைந்தபின் அதை மட்டும் மாற்றலாம். ஃபென்ஸின் கீழ் ஓரத்தில் 3 எம்எம் சீவிவிடுங்கள், தூள் அந்த இடுக்கில் ஒதுங்கும், கட்டை ஃபென்ஸில் நேராக உட்காரும்.

#19 மலைமேல் மரவேலை

என் ஸ்லெட்டுக்கும் ஆப்பு ரன்னர் போட்டாகிவிட்டது. இன்று காலை ஜன்னலுக்கு வெளியே மரம் தெரியாத அளவு மூடுபனி. 6 எம்எம் இழுத்துவிட்டேன், ஓடுகிறது.

அடுத்து என்னிடம் உள்ள பேண்ட் சாவுக்கு (பட்டை பிளேடு மேலிருந்து கீழே ஓடும் அறுப்பு மிஷின்) ஒரு ஸ்லெட் செய்யவேண்டும். எஸ்டேட்டில் காப்பிக்கு நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் காற்றில் விழுந்தால் உருட்டுக்கட்டையாகக் கிடைக்கிறது. ரேகையை நிமிர்த்தி அறுத்தால் வலை பின்னினாற்போல் அழகாக வரும். ஆனால் உருட்டுக்கட்டையை வெறும் கையால் தள்ளினால் பிளேடு அதைச் சுழற்றிவிடும், பிளேடும் போய்விடும். எல் வடிவத்தில் இரண்டு பலகை, இரண்டு முனையிலும் நிற்கும் கட்டை, அதன் வழியாக உருட்டுக்கட்டையின் தலையில் நீள ஸ்க்ரூ, அடியில் காடியில் ஓடும் ரன்னர் என்று யோசித்திருக்கிறேன். முதல் வெட்டில் ஒரு தட்டையான முகம் கிடைத்துவிட்டால் பிறகு ஃபென்ஸ் போதும்.

#20 தறி ஆசாரி மகன்

நல்ல அமைப்பு. முனைக்கட்டை இரண்டில் ஒன்றை நகரும்படி வையுங்கள், கட்டை நீளம் ஒவ்வொன்றும் மாறும். ஸ்க்ரூ பிளேடு போகும் கோட்டிலிருந்து விலகியிருக்கிறதா என்று மிஷினைப் போடாமல் ஒருமுறை முழுக்கத் தள்ளிப் பாருங்கள். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏற்காட்டில் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் இருந்தால் வருகிறேன், ரன்னரைச் சேர்ந்தே அறுத்துவிடலாம்.

#21 மலைமேல் மரவேலை

வாருங்கள். காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது. உங்கள் ஃபீலர் கேஜையும் எடுத்து வாருங்கள், என்னுடையதில் 0.2 தகடு ஒடிந்துவிட்டது.